கரகரத்த குரலின் உரிமை

நிலம் ஒருவருக்கு உடைமை, வீடு உடைமை. எழுதிய நூலும் இயற்றிய பாட்டும் கூட உடைமையே என்று நாகரிக நாடுகள் பலவும் ஒப்புக்கொண்டு சட்டம் வகுத்துள்ளன. ஆனால், வாய் திறந்த மாத்திரத்தில் காற்றோடு கலந்து மறைந்துபோகும் குரல் ஒருவருக்கு உடைமையாகுமா? அதனைப் பிறர் களவாட முடியுமா? முடியுமென்றால், களவுபோன பொருளை நீதிமன்றத்தில் எவ்வாறு அடையாளங் காட்டுவது? இக்கேள்விகள் வெறும் தருக்க விளையாட்டல்ல. 1990ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஜூரிகள் இவற்றுக்கு விடை கூற நேர்ந்தது. வழக்குத் தொடுத்தவர் டாம் வெயிட்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகர்; தம் பாடல்களைத் தாமே இயற்றிப் பாடுபவர்.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. களவுபோனதாக அவர் முறையிட்ட குரல் தேனொழுகும் குரலன்று. சரளைக் கற்களை இரும்பு வாளியிலிட்டு உருட்டினாற் போன்ற குரல். சாராயமும் சிகரெட்டும் சவரத் தகடுகளும் தொண்டைக்குள் இறங்கிய பின் எழும் ஓசை அது என்று ரசிகர் ஒருவர் வேடிக்கையாக வருணித்ததை, நீதிபதிகள் தங்கள் தீர்ப்பிலேயே எடுத்தெழுதினர். இனிய குரலைத் திருடினால் பொருளுண்டு. இந்தக் குரலைத் திருட ஆள் இருந்தார்களா என்று கேட்கத் தோன்றும். இருந்தார்கள். ஒருவரல்லர், மூன்று நாடுகளில் இருந்தார்கள்.

வெயிட்ஸ் 1949ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்துப் பொமோனா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஸ்பானிய மொழி கற்பித்த பள்ளியாசிரியர். மகனுக்கு ஏறத்தாழப் பத்து வயதாகும்போது பெற்றோர் பிரிந்தனர். தாயாருடன் சிறுவன் மெக்சிகோ எல்லையை அடுத்த சான் டியேகோ வட்டாரத்துக்குப் பெயர்ந்தான். ஆசிரியர் மகனாக இருந்தும் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. நேஷனல் சிட்டி என்ற ஊரில் ஓர் உணவுக் கடையில் இரவு வேலை பார்த்தார். பின்னர் சான் டியேகோவில் நாட்டுப்பாடகர்கள் கூடும் காப்பிக் கடை ஒன்றில் வாயிற்காவலராக நின்றார். உள்ளே வருவோர் போவோர் பேசும் பேச்சுக்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அடித்தள மக்களின் பேச்சு அவர் பாடல்களில் பிற்காலத்தில் அத்துணை இயல்பாக வந்து விழுந்ததற்கு அந்த வாயிற்படியே பள்ளிக்கூடம் எனலாம்.

அக்காலத்து அமெரிக்க இளைஞர்கள் மின்கித்தாருக்கும் நீண்ட தலைமுடிக்கும் மயங்கியிருந்தனர். வெயிட்ஸின் மனமோ தம் தந்தையார் தலைமுறையை நோக்கி நின்றது. பழைய ஜாஸ் இசை, ஜாக் கெருவாக் முதலானோரின் ஊர்சுற்றி இலக்கியம், தொப்பி, கசங்கிய கோட்டு ஆகியவற்றை அவர் விரும்பி ஏற்றார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ட்ரூபடோர் அரங்கில் பாடியதன் பயனாக ஹெர்ப் கோயன் என்னும் மேலாளரின் கண்ணில் பட்டார். 1972இல் அசைலம் இசைத்தட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தமாயிற்று. 1973இல் 'குளோசிங் டைம்' என்னும் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

அந்த இசைத்தட்டை இன்று கேட்பவர் ஏமாந்துபோவர். சரளைக் கல் எங்கே? இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் பியானோவின் முன் அமர்ந்து சற்றே தூக்கக் கலக்கமான, ஆனால் மென்மையான குரலில் பாடுகிறார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் இசைத்தட்டிலும் பெரிய மாறுதல் இல்லை. 1975இல் அவையோர் முன்னிலையில் பதிவான 'நைட்ஹாக்ஸ் அட் த டைனர்' என்னும் தட்டில் குரல் தடிக்கத் தொடங்குகிறது. 1976இல் வெளிவந்த 'ஸ்மால் சேஞ்ச்' என்னும் தட்டில்தான் அந்தக் கரகரப்பு முழுதாகக் குடிபுகுகிறது. மூன்றே ஆண்டுகளில் ஒரு மனிதரின் தொண்டைக்குள் முப்பது ஆண்டு முதுமை புகுந்துவிட்டாற் போல் இருக்கும்.

இதற்குக் காரணம் குடியும் புகையும் என்று சொல்லிவிட்டுப் போவோர் பலர். அவர் அவ்வாண்டுகளில் மிகுதியாகக் குடித்தது உண்மை. மேடையிலும் குடிகாரர் வேடத்தையே பூண்டார். ஊர் ஊராகச் சென்று, பிராங்க் சாப்பாவின் குழுவுக்கு முன்னோடியாகப் பாடி, பொறுமையற்ற கூட்டத்தின் கூச்சலுக்கு எதிராகக் கத்த வேண்டியிருந்ததும் உண்மையே. எனினும் புகைத்துக் குடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள் உலகில் எண்ணிறந்தோர். அவர்களெல்லாம் இவ்வாறு பாடிவிடவில்லை. மேலும், 1990களின் தொடக்கத்தில் மதுவை அறவே கைவிட்ட பின்னும் அக்குரல் அவரை விட்டு நீங்கவில்லை. ஆகவே அது வந்து சேர்ந்த நோயன்று. தேடிக் கொண்ட கருவி என்பதே பொருத்தம்.

தொல்காப்பியர் பிறப்பியலில் உந்தியிலிருந்து எழும் வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் துணைசெய்ய எழுத்தொலியாகப் பிறக்கும் முறையை வகுத்தது தமிழாசிரியர் யாவரும் அறிந்ததே. மிடற்றிலுள்ள குரல்நாண்கள் இரண்டும் செவ்வையாகக் கூடிப் பிரிந்தால் தெளிந்த ஒலி கிடைக்கும். உறுமிப் பாடும்போது அந்நாண்களுக்கு மேலே அமைந்த வேறு மடிப்புக்களும் உடன் அதிர்வதுண்டு என்று இக்காலக் குரல் நூலார் கண்டுள்ளனர். உறுமலை ஒரு நொடி எழுப்புவது யாருக்கும் எளிது. அதே உறுமலில் சுருதி பிசகாமல் ஒன்றரை மணி நேரம் பாடுவதும், சொல் புரியும்படி பாடுவதும், மறுநாளும் பாடுவதும் பயிற்சியால் மட்டுமே கைகூடும்.

இப்பயிற்சிக்கு வெயிட்ஸுக்கு முன்னோர் இருந்தனர். ஜாஸ் இசையின் தலைமகனாகிய லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரல் உலகறிந்தது. புளூஸ் பாடகர் ஹவ்லின் உல்ஃப் ஓநாயின் பெயரையே பட்டப்பெயராகக் கொண்டவர். இவ்விருவரும் கறுப்பினத்தார் என்பதை மறத்தலாகாது. தோட்டங்களிலும் தேவாலயங்களிலும் மதுக்கடைகளிலும் பாடிப் பாடி அம்மக்கள் உருவாக்கிய முரட்டுக் குரல் மரபிலிருந்துதான் வெயிட்ஸ் கடன் வாங்கினார். அவர் குரல் அவருடையதா என்னும் கேள்விக்கு இந்தக் கடனும் ஒரு பகுதி என்பது பின்னர் விளங்கும்.

விற்பனையைப் பொறுத்தவரை அக்குரல் அவருக்குப் பெரும் பொருள் ஈட்டித் தரவில்லை. அவருடைய பாட்டுக்கள் பிறர் வாயில்தான் பணமாயின. முதல் இசைத்தட்டிலிருந்த பாட்டொன்றை 1974இல் ஈகிள்ஸ் குழுவினர் பாடினர். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1981 முதல் இவர் பாட்டொன்றை மேடையில் பாட, அதைக் கேட்ட கூட்டத்தில் பலர் அது ஸ்பிரிங்ஸ்டீனே இயற்றியது என்று எண்ணிக்கொண்டனர். 1985இல் இவர் பாடி வெளியிட்ட 'டவுன்டவுன் டிரெயின்' என்ற பாட்டு, ராட் ஸ்டூவர்ட் பாடியபின் 1990இன் தொடக்கத்தில் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் மூன்றாம் இடத்தை எட்டியது. இவற்றுக்கெல்லாம் வெயிட்ஸ் வழக்குத் தொடுக்கவில்லை. தொடுக்க வேண்டிய காரணமும் இல்லை. பாட்டை இயற்றியவர் என்ற முறையில் உரிய பங்கு வரும். ஒருவர் பாட்டை இன்னொருவர் தம் குரலில் பாடுவது இசையுலகின் வழக்கம்.

1980ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். இயக்குநர் பிரான்சிஸ் போர்டு கொப்போலாவின் திரைப்படம் ஒன்றுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தபோது, அங்கே திரைக்கதைகளை ஆராயும் பணியிலிருந்த கேத்லீன் பிரென்னன் என்னும் பெண்மணியைச் சந்தித்து அவ்வாண்டே மணந்துகொண்டார். அப்படத்தின் இசை ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டதைவிட இத்திருமணமே அவருடைய கலைக்குப் பெரும்பேறாயிற்று. மனைவியாரின் ஊக்கத்தால் பழைய மேலாளரையும் பழைய தயாரிப்பாளரையும் விட்டு விலகினார். 'குடிகாரப் பியானோக்காரர்' என்னும் வேடத்தையும் களைந்தார். தாமே தயாரித்த புதிய இசைத்தட்டை அசைலம் நிறுவனத்தார் ஏற்கவில்லை. 1983இல் ஐலண்டு நிறுவனம் அதனை 'சுவோர்ட்ஃபிஷ்ட்ராம்போன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. மரிம்பா, தோற்பை ஊதுகுழல், கண்ணாடிக் கிண்ண இசை, எதையெதையோ தட்டும் ஓசை எல்லாம் அதில் கலந்தன. 1987இல் வந்த 'பிராங்க்ஸ் ஒயில்டு இயர்ஸ்' தட்டில் ஒலிபெருக்கிக் குழலுக்குள் வாயை வைத்துப் பாடினார். சிலவற்றில் பெண்குரல் போன்ற மெல்லிய குரலும் எடுத்தார். அந்தக் கரகரப்பு அவருடைய இயலாமையன்று, விருப்பம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி வழக்குக்கு வருவோம்.

'ஸ்மால் சேஞ்ச்' தட்டில் 'ஸ்டெப் ரைட் அப்' என்று ஒரு பாட்டு உண்டு. சந்தையில் நின்று கூவி விற்கும் வணிகனின் வாய்ச்சாலத்தை அடுக்கடுக்காகச் சொல்லி, விளம்பர உலகையே எள்ளி நகையாடும் பாட்டு அது. 1988ஆம் ஆண்டில் ஃபிரிட்டோ-லே என்னும் தின்பண்ட நிறுவனம் சோளத்தால் செய்யும் டொரிட்டோஸ் வகையில் புதிய சுவையொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விளம்பரப் பொறுப்பை ஏற்ற டிரேசி-லாக் நிறுவனத்தார் தங்கள் வானொலி விளம்பரத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டது எந்தப் பாட்டை? விளம்பரத்தைக் கேலி செய்த அதே பாட்டை! சாட்டையைப் பிடுங்கி மாட்டுக்கு மாலையாகப் போட்ட கதை இது.

வெயிட்ஸ் விளம்பரங்களில் பாடுவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. கலைஞர் தம் பாட்டைப் பண்டம் விற்கக் கொடுத்தலாகாது என்று பேட்டிகளில் அவர் பலமுறை சொல்லியிருந்தார். பெரிய தொகைகளை மறுத்துமிருந்தார். (1981இல் நாய்த் தீனி விளம்பரம் ஒன்றுக்குக் குரல் கொடுத்ததும் உண்டு. அதனை மறைப்பது வரலாறாகாது. ஆனால் அதற்குப் பின் அவர் கொள்கை உறுதியாகவே நின்றது.) விளம்பரத்தார் அவரை அணுகவில்லை. பல பாடகர்களை வரவழைத்துப் பாடச் செய்து பார்த்தனர். அவர்களுள் டல்லாஸ் நகரைச் சேர்ந்த ஒருவர் வெயிட்ஸ் பாட்டுக்களை மேடைகளில் பல்லாண்டு பாடிப் பாடி, அக்குரலை அச்சாகத் தம் தொண்டையில் ஏற்றிக்கொண்டவர். அவர் வாய் திறந்ததும் இருந்தோர் திகைத்துப்போயினர். வெயிட்ஸ் விளம்பரத்துக்கு உடன்படாதவர் என்பதை அப்பாடகரே அவர்களிடம் எடுத்துச் சொன்னார். குரல் நகலானாலும் மனச்சான்று நகலாகவில்லை.

டிரேசி-லாக் நிறுவனத்தார்க்கும் ஐயம் எழாமலில்லை. வழக்கறிஞரைக் கேட்டனர். தனித்தன்மையுள்ள குரலைப் பாதுகாக்கும் தீர்ப்பொன்று அண்மையில் வந்திருப்பதால் வழக்கு வரக்கூடும் என்று அவர் எச்சரித்தார். வேறொரு பதிவும் கைவசம் இருந்தது. எனினும் அந்த நகற்குரலே தேர்ந்தெடுக்கப்பட்டது. வழக்கு வந்தால் நட்டத்தை ஏற்பதாக விளம்பர நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1988 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 61 வட்டாரங்களில் 250க்கும் மேற்பட்ட வானொலி நிலையங்கள் அதனை ஒலிபரப்பின. லாஸ் ஏஞ்சலிஸ் வானொலி நிலையமொன்றின் நிகழ்ச்சியில் கலந்துகொண்டிருந்தபோது வெயிட்ஸ் தம் குரலைத் தாமே கேட்டார். ஆனால் அதனைப் பாடியவர் தாமல்லர். கேட்போர் அனைவரும் தாம் பணத்துக்காகக் கொள்கையை விற்றுவிட்டதாக எண்ணுவரே என்பதே அவரை முதலில் சுட்டது. நவம்பரில் வழக்குத் தொடுத்தார்.

வழக்கறிஞர் எச்சரித்த அந்தத் தீர்ப்பு யாது? அதற்கும் முன்வரலாறு உண்டு. 'விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் கோழைச் சிங்கமாக நடித்த பெர்ட் லார் என்பவரின் குரலை, ஒரு தூய்மைப் பொருள் விளம்பரத்தில் கேலிச்சித்திர வாத்தொன்றுக்கு வேறொருவர் பேசிக் கொடுத்தார். 1962இல் மேல்முறையீட்டு மன்றம் லாரின் முறையீட்டில் வழக்குக்கு இடமுண்டு என்றது. ஆனால் 1970இல் நான்சி சினாட்ரா தம் புகழ்பெற்ற பாட்டைத் தம்மைப் போலவே பாடச் செய்து டயர் விற்றதற்காகத் தொடுத்த வழக்குத் தோற்றது. சட்டம் இவ்வாறு இரு திசையிலும் ஊசலாடிக்கொண்டிருந்தபோதுதான் பெட் மிட்லர் என்னும் பாடகியின் வழக்கு வந்தது. போர்டு மோட்டார் நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் பாட அவர் மறுத்தார். அவருக்குப் பின்பாட்டுப் பாடியவரையே கொண்டு, அவர் போலவே பாடச் செய்தனர். 1988இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு மன்றம், முகத்தைப் போலவே குரலும் ஒருவருக்கு உரிய தனி அடையாளம் என்று தீர்ப்பளித்தது. வெயிட்ஸின் வழக்கு இத்தீர்ப்பைத் தோணியாகப் பற்றிக்கொண்டது.

1990 ஏப்ரல், மே மாதங்களில் விசாரணை நடந்தது. நிலத் தகராறு என்றால் வரைபடம் காட்டலாம். இங்கே ஜூரிகள் முன் இசைத்தட்டும் விளம்பரமும் ஒலிக்க வேண்டியதாயிற்று. ஆராய்ச்சியாளர்க்கு இவ்வழக்கில் மிகவும் சுவையான பகுதி, எதிர்தரப்பார் எடுத்துக்கொண்ட வாதமே. நாங்கள் எடுத்தது அவர் பாணியை; பாணி யாருக்கும் தனியுடைமையன்று என்றனர் அவர்கள். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பாணி என்பது வழிவழி வருவது. மாணவர் ஆசிரியரைப் போலப் பாடுகிறார்; அவரைப் போல இன்னொருவர் பாடுகிறார். கரகரத்துப் பாடுவது குற்றமென்றால், ஆம்ஸ்ட்ராங்கின் வழியினர் வெயிட்ஸின் மீதே வழக்குத் தொடுத்திருக்கலாமல்லவா? கறுப்பினத்தார் ஆக்கிய மரபில் அவர் வாங்கிய கடனைப் பற்றி முன்னரே குறிப்பிட்டதற்குக் காரணம் இதுதான்.

நீதிமன்றம் இவ்விரண்டையும் பிரித்தது. கரகரத்த குரலில், தெருவோரப் பேச்சு நடையில், ஜாஸ் தாளத்தில் யாரும் பாடலாம், அது பாணி. கேட்டுப் பழகியவர்கள் பாடுபவர் வெயிட்ஸ்தான் என்றே மயங்கும் அளவுக்கு, பண்டம் விற்பதற்காக, வேண்டுமென்றே அவர் குரலை எடுத்தாள்வது வேறு. அது அவரையே எடுத்தாள்வதாகும். வெயிட்ஸ் ஆம்ஸ்ட்ராங்கிடம் கற்றார். ஆனால் அவர் பாடுவதைக் கேட்டு ஆம்ஸ்ட்ராங் என்று யாரும் மயங்கியதில்லை. வாங்கிய கடனை வட்டியோடு வேறு நாணயமாக மாற்றிவிட்டார். இவ்வேறுபாட்டைச் சட்டநூலார் சொல்வதைவிடத் தெளிவாக இசைத்தட்டுக்களே சொல்லும்.

இன்னொரு வாதமும் எழுந்தது: மிட்லரைப் போல வெயிட்ஸ் நாடறிந்த பெரும் நட்சத்திரமல்லர் என்பது. உண்மைதான், அவர் இசைத்தட்டுக்கள் இலட்சக்கணக்கில் விற்றவையல்ல. எனினும் ஒருவர் அறியப்பட்டவராக இருந்தால் போதும், எல்லார்க்கும் தெரிந்தவராக இருக்கவேண்டியதில்லை என்று மன்றம் கூறிற்று. சிறிய நிலத்துக்கும் வேலி உண்டு என்பதே இதன் பொருள்.

ஜூரிகள் 375,000 அமெரிக்க வெள்ளியை இழப்பீடாக அளித்தனர். அதன் கூறுகள் கருதத்தக்கவை. அவர் பாட ஒப்பியிருந்தால் சந்தையில் பெற்றிருக்கக்கூடிய ஊதியம் 100,000 வெள்ளி. நற்பெயருக்கும் வருங்கால மதிப்புக்கும் நேர்ந்த கேட்டுக்கு 75,000. மன அமைதிக்கும் உணர்வுக்கும் நேர்ந்த புண்ணுக்கு 200,000. கூலியைவிட மானத்துக்கு இருமடங்கு விலை வைத்தனர் அந்த ஜூரிகள். எச்சரிக்கப்பட்ட பின்னும் துணிந்து செய்ததற்காக 2,000,000 வெள்ளி தண்டத்தொகை தனி. பொய்யான பரிந்துரையாகத் தோன்றச் செய்ததற்காக மேலும் 100,000 வெள்ளி விதித்திருந்தனர். 1992இல் மேல்முறையீட்டு மன்றம் ஒரே தீங்குக்கு இருமுறை ஈடு கொடுப்பதாகும் என்று அதனை மட்டும் நீக்கிவிட்டு, ஏனையவற்றை உறுதிசெய்தது. அவ்வாண்டே வெளிவந்த 'போன் மெஷின்' என்னும் இசைத்தட்டு அவருக்கு முதல் கிராமி பரிசைப் பெற்றுத் தந்தது. நீதிமன்றத்தில் குரலை மீட்டவர், அந்த இசைத்தட்டில் அதனை முன்னினும் கரடுமுரடாக எடுத்தாண்டிருப்பதைக் கேட்கலாம்.

இத்துடன் தொல்லை ஒழிந்ததா என்றால் இல்லை. பழைய பாட்டுக்கள் சிலவற்றின் வெளியீட்டுரிமை முன்னாள் மேலாளர் தரப்பாரிடம் தங்கிவிட்டது. அவற்றுள் ஒன்றை ஸ்கிரீமிங் ஜே ஹாக்கின்ஸ் என்னும் மூத்த கறுப்பினப் பாடகர் பாடியிருந்தார். லீவைஸ் கால்சட்டை நிறுவனத்தின் ஐரோப்பிய விளம்பரத்தில் 1993இல் அது ஒலித்தது. வெயிட்ஸ் சட்டத்தின் துணையை நாடினார். 1995இல் அந்நிறுவனம் 'பில்போர்டு' இதழில் முழுப்பக்க மன்னிப்பு வெளியிட்டது. இங்கே களவுபோனது குரலன்று. பாட்டைப் பண்டமாக்க மறுக்கும் உரிமை.

ஸ்பெயின் நாட்டில் ஆவுடி கார் விளம்பரத்தில் அவர் பாட்டொன்றையும் பாடும் முறையையும் ஒத்த இசை பயன்பட்டது. பார்சலோனா நீதிமன்றம் அதனைப் பதிப்புரிமைக் குற்றமாக மட்டும் பார்க்கவில்லை. படைப்பாளியின் அறவுரிமையையே மீறியதாகத் தீர்ப்பளித்தது. 2006இன் தொடக்கத்தில் அச்செய்தி வெளிவந்தது. ஐரோப்பியச் சட்டத்தில் அறவுரிமை என்பது, படைப்பு விற்கப்பட்ட பின்னும் படைப்பாளியை விட்டு நீங்காத உரிமை. அமெரிக்கச் சட்டம் குரலைப் பெரும்பாலும் சந்தைப் பொருளாகவே எடைபோட்டது. ஐரோப்பியர் அதனை ஆளுமையின் பகுதியாகக் கண்டனர். இவ்விரண்டில் பின்னதே உண்மைக்கு அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரிகளும் 200,000 வெள்ளியை மனப்புண்ணுக்காக ஒதுக்கியபோது அறிந்தோ அறியாமலோ அந்தப் பக்கமே சாய்ந்தனர்.

மூன்றாம் நிகழ்ச்சி ஓப்பல் கார் நிறுவனத்துடையது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஒளிபரப்பான விளம்பரத்துக்குப் பாடும்படி வெயிட்ஸை நாடினர், அவர் மறுத்தார். பிறகு அவர் குரலை ஒத்த குரலில் வேறொருவர் பாடினார். பாடிய பாட்டு எது தெரியுமா? ஜெர்மானிய இசைமேதை பிராம்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய தாலாட்டு! சோள வற்றல் விளம்பரத்திலாவது வெயிட்ஸின் சொல்லடுக்கு முறை கலந்திருந்தது. இங்கே சொல்லும் அவருடையதன்று, இசையும் அவருடையதன்று. காலங்கடந்த பொதுச் சொத்து. அவருடையதாக எஞ்சியது குரல் ஒன்றே. ஒரு பொருளைச் சுற்றியிருந்த உமியெல்லாம் நீங்கி அரிசி மட்டும் கிடப்பது போல வழக்கின் உட்பொருள் தனித்து நின்றது. ஜெர்மனியில் அவர் வழக்குத் தொடுத்தார்; 2007இல் உடன்பாடு ஏற்பட்டது. கிடைத்த தொகையை அறப்பணிக்கு அளித்துவிட்டார். பணம் அவர் நோக்கமன்று என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

வழக்குகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கலைஞரை மறந்தவராவோம். ஹாம்பர்க் நகரின் தாலியா நாடக அரங்கில் ராபர்ட் வில்சனுடன் சேர்ந்து 1990இல் 'த பிளாக் ரைடர்' என்னும் இசைநாடகத்தை உருவாக்கினார். 'டவுன் பை லா', கொப்போலாவின் 'டிராகுலா' முதலிய படங்களில் நடித்தார். 1999இல் வெளிவந்த 'மியூல் வேரியேஷன்ஸ்' இசைத்தட்டுக்கு மீண்டும் கிராமி பரிசு கிடைத்தது. இம்முறை நாட்டுப்பாடல் வகையில். முதற்பரிசு புதுமை இசைக்கு, இரண்டாம் பரிசு நாட்டுப்பாடலுக்கு. எந்தப் பெட்டியில் அடைப்பது என்று பரிசு வழங்குவோர்க்கே விளங்கவில்லை போலும். 2011இல் ராக் இசைப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அவ்வாண்டே வந்த 'பேட் அஸ் மீ' என்னும் இசைத்தட்டு, அறுபத்தோராம் வயதில் அவரை அமெரிக்கப் பட்டியலின் முதற் பத்துக்குள் முதன்முறையாகக் கொண்டுசேர்த்தது. மனைவியார் கேத்லீனின் பெயர் பாடல்களின் ஆசிரியராக அவருடன் இணைந்தே அதில் அச்சாகியிருக்கிறது.

1988இல் அக்குரலை நகலெடுக்க ஒரு மனிதர் பல்லாண்டு தொண்டையைப் பழக்க வேண்டியிருந்தது. அந்த மனிதருக்கு வாயும் இருந்தது, இது முறையன்று என்று எடுத்துச் சொல்ல. இப்பொழுது கணினிக்குச் சில நிமிடப் பதிவைக் கொடுத்தால் போதும். எவர் குரலிலும் எதனையும் அது பேசும், பாடும். அதற்கு ஐயமும் எழுவதில்லை. இசைத்தொழிலின் தலைநகரங்களுள் ஒன்றாகிய நாஷ்வில் அமைந்துள்ள டென்னசி மாநிலம் 2024ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் இயற்றியது. பெயருக்கும் உருவத்துக்கும் முன்பே இருந்த பாதுகாப்புடன் குரலையும் அது சேர்த்தது. அச்சட்டத்தின்படி குரல் என்பது இன்னார் உடையது என்று எளிதில் அடையாளங் காணத்தக்க ஒலி. அது அவருடைய மெய்க்குரலாக இருப்பினும், போலியாக ஆக்கப்பட்டதாக இருப்பினும் வேறுபாடில்லை. அச்சட்டம் அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.